வாக்-இன் ஷவரை மென்பொருளில் வடிவமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வரைபடங்களை மென்பொருளில் வரையப் பழகுபவர்களுக்கு உதவி வருகிறேன். குளியலறை என்று வந்துவிட்டால், அதிலும் ஷவர் பகுதியை வரையும்போது, ஒரே ஐயங்களைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். திரையில் கண்ணாடியும் டைல்ஸும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக ஓடுகிறது, எங்கே இறங்குகிறது என்பவற்றை வரையாத ஷவர் படத்தை நான் முடிந்த படமாகக் கொள்வதில்லை. கீழேயுள்ள பதில்களில் பலவும் அதைச் சுற்றியே வரும். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில் உள்ளன.

வாக்-இன் ஷவர் என்றால் என்ன? கண்ணாடித் தடுப்பு போட்ட எல்லா ஷவரும் அதுதானா?

இல்லை. குளியல் தொட்டியோ உயரமான தடுப்புக் கட்டையோ இல்லாமல், பெரும்பாலும் கதவும் இல்லாமல், அறையின் தரையிலிருந்து நேராக நடந்து நுழையும்படி அமைந்த ஷவர்தான் வாக்-இன் ஷவர். நகராத ஒரு கண்ணாடிப் பலகை மட்டும் ஒரு பக்கம் நிற்கும். நான்கு புறமும் மூடி, கதவு வைத்த கண்ணாடிக் கூண்டு வேறு வகை. கதவும் கட்டையும் இல்லாததால் தண்ணீரைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் தரையின் வாட்டத்துக்கும் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவுக்கும்) கண்ணாடியின் நீளத்துக்கும் வந்துவிடுகிறது. இதை வடிவமைப்பது கூண்டு வகையை விடக் கடினமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

ஒரு தாளில் அளவைக் குறித்துக் கொடுத்தால் கொத்தனார் கட்டிவிடுவார். இதற்கு மென்பொருள் எதற்கு?

அனுபவமுள்ள கொத்தனாரும் பிளம்பரும் கையில் இருந்தால், எளிய செவ்வக ஷவருக்குத் தாளே போதும். மென்பொருள் உதவுவது மூன்று இடங்களில். ஒன்று, கழிப்பறைப் பீங்கான், கை கழுவும் தொட்டி, கதவு விரியும் வீச்சு, ஷவர் வாசல் ஆகியவை ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்பதை உடனே காட்டும். இரண்டு, ஷவரை வேறு சுவருக்கு மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தாளில் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். மூன்று, குறுக்குவெட்டுப் படம், அதாவது தரையையும் சுவரையும் நறுக்கிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற படம். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத் தாளில் வரைபவர் மிகக் குறைவு, பிரச்சினைகள் பெரும்பாலும் வருவது அங்கிருந்துதான்.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்? பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஸ்வீட் ஹோம் 3டி இலவசமானது, கட்டற்ற உரிமத்தில் வருவது; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அறையைத் தரைப்படமாக வரைந்தால் பக்கத்திலேயே முப்பரிமாணப் படம் உருவாகிக்கொண்டே வரும் என்பதால் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். உலாவியிலேயே இயங்கும் பிளானர் 5டி போன்றவையும் எளிதானவை. அவற்றில் சில வசதிகளுக்குக் கட்டணம் உண்டு.

தரையின் வாட்டத்தையும் டைல்ஸ் வெட்டையும் துல்லியமாக வரைய வேண்டுமானால் ஸ்கெட்ச்அப் அல்லது ஃப்ரீகேட் தேவைப்படும். ஸ்கெட்ச்அப்பின் இலவச இணையப் பதிப்பே ஒரு குளியலறைக்குப் போதும். பிளெண்டர் அழகான படம் எடுக்க நல்ல கருவிதான், ஆனால் அளவுகளோடு வரையத் தொடங்குபவருக்கு அது சுற்றுவழி.

அளவை எப்படி எடுப்பது? நீளம், அகலம், உயரம் மூன்றும் போதாதா?

போதாது. சுவர்கள் செங்குத்தாகவும் மூலைகள் நேர்கோணமாகவும் இருக்கும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். கட்டிய சுவர்கள் அப்படி இருப்பது அரிது. ஆகவே ஒவ்வொரு அகலத்தையும் தரையோரம், இடுப்பு உயரம், தலைக்கு மேல் என மூன்று மட்டங்களில் அளந்து, மூன்றில் சிறியதை வரைபடத்தில் இடுங்கள்.

அடுத்து மூலைவிட்டம். 1500 நீளமும் 900 அகலமும் உள்ள செவ்வகத்தின் மூலைவிட்டம் 1749 இருக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் மூலைகள் நேர்கோணமாக இருக்கின்றன. ஒன்று 1740, மற்றொன்று 1758 என்று வந்தால் அறை இணைகரமாகக் கோணியிருக்கிறது. அதை அப்படியே கோணலாக வரையுங்கள். நேராக்கி வரைந்தால் திரை மட்டும்தான் நேராகும்.

கடைசியாக, இருப்பவற்றின் இடங்கள்: கழிவுநீர்க் குழாயின் நடுப்புள்ளி இரண்டு சுவர்களிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, சன்னலின் அடிமட்டம் எவ்வளவு உயரம், மேற்கூரையில் உத்தரம் எதுவும் இறங்குகிறதா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது. இவற்றில் குழாயின் இடம்தான் முதன்மையானது, ஏனென்றால் ஷவர் எங்கே அமையும் என்பதைப் பல வீடுகளில் அதுவே முடிவு செய்துவிடுகிறது.

அங்குலமா, மில்லிமீட்டரா?

மில்லிமீட்டர். டைல்ஸ் தடிமன், பசை, இடைவெளி என இந்த வேலையில் வரும் சிறு அளவுகள் எல்லாம் அதில்தான் முழு எண்ணாக வரும். எந்த அலகில் வரைந்தாலும் கோப்பைத் திறந்தவுடன் அலகு அமைப்பைச் சரிபார்த்துவிடுங்கள். வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய ஷவர் குழாய் வீட்டை விடப் பெரிதாக வந்து நின்றால், அல்லது கண்ணுக்கே தெரியாத புள்ளியாக இருந்தால், 25.4 மடங்கோ ஆயிரம் மடங்கோ அலகு மாறியிருக்கிறது என்று பொருள்.

குறைந்தபட்சம் எவ்வளவு இடம் வேண்டும்?

அமெரிக்கக் குடியிருப்பு விதிகள் ஷவருக்குள் 762 × 762 இடத்தைக் குறைந்தபட்சமாகக் கொள்கின்றன. அதில் ஒருவர் நிற்கலாம், சோப்பை எடுக்கக் குனிந்தால் முழங்கை சுவரில் இடிக்கும். வசதியாகக் குளிக்க 900 × 900 வேண்டும் என்பதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். கதவில்லாத வாக்-இன் வகைக்கு இதுவும் போதாது. நிற்கும் இடத்தோடு, தெறிக்கும் தண்ணீர் தரையிலேயே அடங்கி வாட்டத்தில் திரும்பி ஓட ஓர் ஓரப்பகுதியும் வேண்டும். அதனால் நீளவாக்கில் 1400 முதல் 1500 வரை ஒதுக்கச் சொல்வது என் வழக்கம். இடம் அதை விடக் குறைவாக இருந்தால், வாக்-இன் ஆசையை விட்டுவிட்டுக் கதவு வைப்பதே அறிவுடைமை. உங்கள் ஊர்க் கட்டட விதி வேறு அளவு சொன்னால் அதுவே செல்லும்.

நுழைவாயில் 600க்குக் குறையக் கூடாது. எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், 550 அகலமுள்ள ஒரு செவ்வகத்தை ஆள் என்று வைத்துத் தரைப்படத்தில் நகர்த்திப் பாருங்கள். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பும் இடத்தில்தான் இறுக்கம் தெரியும்.

வரைபடத்தில் 900 இருந்த அகலம், கட்டி முடித்ததும் 850கூட இல்லையே. எங்கே போயிற்று?

சுவர்மேல் போயிற்று. செங்கல் சுவரை அளந்து அதையே உள்ளளவாக வரைந்திருப்பீர்கள். அதன்மேல் 12 பூச்சு, 5 பசை, 10 டைல்ஸ் என்று ஏறினால் ஒரு பக்கம் 27. இரண்டு பக்கமும் சேர்த்து 54. ஆக 900 என்பது 846 ஆகிவிடுகிறது. நான் முதன்முதலாக வரைந்த ஷவரில் நடந்தது இதுவேதான். திரையில் கச்சிதமாகப் பொருந்திய ஓர் இருக்கைப் பலகை, வீட்டுக்கு வந்த அன்று இரண்டு சுவருக்கும் நடுவே இறங்க மறுத்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. சுவரை வரையும்போது நீங்கள் இழுக்கும் கோடு பல மென்பொருள்களில் சுவரின் நடுக்கோடு. உள்முகம் அதிலிருந்து பாதித் தடிமன் உள்ளே தள்ளி அமையும். எனவே சுவரை வரைந்தபின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு அளவுக்கோடு போட்டுச் சரிபாருங்கள். அதன்பின் பூச்சும் டைல்ஸும் சேர்ந்த அந்த 27ஐத் தனி அடுக்காக வரைந்து, 'முடிந்த சுவர்' என்று பெயரிடுங்கள். இனி எல்லாப் பொருளையும் அதிலிருந்தே அளக்க வேண்டும்.

தரை வாட்டத்தை மென்பொருளில் எப்படிக் கொண்டுவருவது? எனக்குத் தரை தட்டையாகத்தான் வருகிறது.

ஸ்வீட் ஹோம் 3டி போன்றவற்றில் அறையின் தரை தட்டையாகத்தான் வரும்; அவை வீட்டின் அமைப்பைக் காட்டுவதற்காக உருவானவை. அங்கே ஷவர் பகுதியில் ஒரு மெல்லிய பலகையை வைத்துச் சற்றே சாய்க்கலாம். 2% வாட்டம் என்பது சுமார் 1.15 பாகைதான் என்பதால் முப்பரிமாணப் படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே படத்தில் சாய்ப்பதை விட, தரைப்படத்தில் அம்புக்குறி போட்டு, இரு முனைகளிலும் மட்டத்தை எழுதுவது அதிகப் பயன் தரும்: நுழைவில் 0, வடிகாலில் −30 என்பது போல.

ஸ்கெட்ச்அப்பில் உண்மையான வாட்டத்தையே வரையலாம். செவ்வகத்தை வரைந்து, வடிகால் இருக்கும் விளிம்பைத் தேர்ந்தெடுத்து, நீல அச்சில் கீழ்நோக்கி 30 நகர்த்தினால் தளம் சாய்ந்துவிடும். வடிகால் நடுவில் இருந்தால், அதன் நான்கு முனைகளிலிருந்து ஷவரின் நான்கு மூலைகளுக்கும் கோடு இழுத்தபின் நடுச் சதுரத்தைக் கீழே இறக்க வேண்டும். நான்கு சாய்தளங்கள் உருவாகும்.

எவ்வளவு வாட்டம் என்றால், மீட்டருக்கு 20, அதாவது 2% என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நடு வடிகாலில் ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1200 × 1200 தரையில் சுவரோரத்திலிருந்து நடுப்புள்ளிக்கு 600. 2% என்றால் 12 இறக்கம். ஆனால் மூலையிலிருந்து நடுப்புள்ளிக்கு 849 தொலைவு. இறக்கம் அதே 12தான் என்பதால் அங்கே வாட்டம் 1.4% ஆகக் குறைந்துவிடும். மூலைகளில் தண்ணீர் தங்கிக் கறை படிவது இதனால்தான். மூலைக்கும் 2% வேண்டுமானால் இறக்கத்தை 17 ஆக்குங்கள்.

வடிகாலை நடுவில் வைப்பதா, சுவரோரமாக நீள வடிகால் வைப்பதா?

டைல்ஸின் அளவைச் சொல்லுங்கள், பதில் தானாக வரும். நடு வடிகாலுக்குத் தரை நான்கு பக்கமும் சாய வேண்டும். 50 × 50 மொசைக் போன்ற சிறு டைல்ஸ் அந்த வளைவுக்கு இணங்கும், பெரிய டைல்ஸ் இணங்காது. 600 × 600 டைல்ஸை அங்கே பதித்தால், மூலைவிட்டத்தில் அஞ்சல் உறையின் பின்புறம்போல வெட்டியாக வேண்டும். சுவரோர நீள வடிகாலுக்கு ஒரே பக்க வாட்டம் போதும். பெரிய டைல்ஸும் வெட்டில்லாமல் அமரும்.

வடிகால் நுழைவிலிருந்து எதிர்ச்சுவரில் இருப்பதே நல்லது. தண்ணீர் வாசலுக்கு எதிர்த்திசையில் ஓடும். வாசலிலேயே நீள வடிகால் வைக்கும் வடிவமும் உண்டு. அப்போது வாட்டம் வாசலை நோக்கி வரும் என்பதால், வடிகாலில் முடி அடைத்துக்கொண்ட நாளில் தண்ணீர் நேராக அறைக்குள் போகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

வடிதிறனையும் கணக்கிடுங்கள். வினாடிக்கு 0.4 லிட்டர் என்று குறிப்பிட்ட வடிகால் நிமிடத்துக்கு 24 லிட்டர் இறக்கும். நிமிடத்துக்கு 9.5 லிட்டர் தரும் ஒரு ஷவருக்கு அது தாராளம். அகலமான மழை ஷவரும் கை ஷவரும் பக்கவாட்டுப் பீய்ச்சிகளும் ஒரே நேரத்தில் ஓடும் அமைப்பு என்றால், எல்லாவற்றின் அளவையும் கூட்டிப் பார்த்துவிட்டு வடிகாலைத் தேர்ந்தெடுங்கள்.

வெளித்தரையும் ஷவர் தரையும் ஒரே மட்டத்தில், கட்டையே இல்லாமல் வேண்டும். திரையில் எளிதாக வந்துவிட்டது. கட்டும்போது சிக்கல் வருமா?

தரைக்கு அடியில் ஆழம் இருந்தால் வராது. இங்கேதான் குறுக்குவெட்டுப் படம் கட்டாயம். மேலே சொன்ன 1500 நீள ஷவரில், வடிகால் முனையில் வாட்டத்துக்கு 30, டைல்ஸ் 10, பசை 5, நீர்த்தடுப்புப் பூச்சு 2, அடியிலுள்ள சிமெண்டுக் கலவை குறைந்தது 25 என்று கூட்டினால் 72. அதாவது வெளித்தரையின் முடிந்த மட்டத்திலிருந்து 72 கீழே கான்கிரீட் தளம் இருக்க வேண்டும். வடிகாலின் அடிப்பெட்டியும் அதிலிருந்து போகும் குழாயின் வாட்டமும் இதற்குக் கீழே தனி ஆழம் கேட்கும். துர்நாற்றம் ஏறாமல் தடுக்க அதில் நிற்கும் தண்ணீரின் உயரமே பொதுவாக 50.

புதிய வீடு என்றால் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போடச் சொல்லலாம். பழைய வீட்டில் கான்கிரீட் தளத்தைச் செதுக்கி ஆழம் தேடக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம். அப்படியான இடத்தில் குளியலறைத் தரை முழுவதையும் உயர்த்தி, அறைக் கதவருகே ஒரு சிறு சரிவு கொடுப்பதோ, ஷவரில் தாழ்வான கட்டையை ஏற்பதோதான் வழி. எது சரிவரும் என்பதை அரை மணி நேரத்தில் வரைந்து பார்த்துவிடலாம்.

கதவே இல்லாவிட்டால் தண்ணீர் வெளியே தெறிக்காதா? கண்ணாடி எவ்வளவு நீளம் வேண்டும் என்று மென்பொருள் சொல்லுமா?

மென்பொருள் சொல்லாது, நீங்கள் அதில் வரைந்து கண்டுபிடிக்கலாம். பக்கவாட்டுப் படத்தை எடுத்து, 2000 உயரத்தில் ஷவர் தலையை வையுங்கள். அது செங்குத்திலிருந்து 15 பாகை சாய்ந்திருந்தால், அந்தக் கோட்டை நேராகத் தரைவரை நீட்டுங்கள். 536 தள்ளி விழும். புவியீர்ப்பால் உண்மையான தாரை இதற்குச் சற்று உள்ளேயே விழும் என்பதால் நேர்கோடு பாதுகாப்பான மிகைக் கணக்கு. அந்தப் புள்ளிக்கு மேல், உடம்பில் பட்டுச் சிதறும் தண்ணீருக்காக இன்னும் 400 முதல் 500 வரை சேர்ப்பது என் வழக்கம். அந்த எல்லை வரைக்குமாவது கண்ணாடி நிற்க வேண்டும், அந்த எல்லை முழுவதும் வாட்டத்துக்குள் அடங்கவும் வேண்டும்.

ஷவர் தலை வாசலைப் பார்த்து இருந்தால் எவ்வளவு நீளக் கண்ணாடியும் காப்பாற்றாது. கண்ணாடிக்கு இணையாகவோ உட்சுவரை நோக்கியோ தண்ணீர் விழும்படி தலையைத் திருப்பி வையுங்கள். நேர்கீழாகக் கொட்டும் மழை ஷவர் இந்த வகையில் சமர்த்துப் பிள்ளை. குறும்புக்காரன் கை ஷவர்தான், அதைப் பிடித்திருப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை எந்த வரைபடத்திலும் அடக்க முடியாது.

கண்ணாடியை வரைபடத்து அளவுக்கே முன்கூட்டி வாங்கி வைத்துவிடலாமா?

கூடாது. ஷவருக்குப் பயன்படும் கடினமாக்கிய கண்ணாடியைச் சூடாக்கிக் குளிர்வித்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் முழுப் பலகையும் சிறு துண்டுகளாக நொறுங்கும். எனவே டைல்ஸ் பதித்து முடிந்தபின் மறுபடி அளந்து, அந்த அளவுக்குத்தான் வெட்டச் சொல்ல வேண்டும். 900 எப்படி 846 ஆனது என்பதை முன்பே பார்த்தோம். வரைபடத்தின் அளவு, எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட மட்டுமே.

எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 1000 × 2000 பலகை 8 தடிமனில் 40 கிலோ, 10 தடிமனில் 50 கிலோ. சுவர்ப் பிடிப்புகள் அந்த எடையைத் தாங்கும் இடத்தில் அமைய வேண்டும், மேலே சுவரோடு இணைக்கும் ஒரு தாங்குகம்பியும் வேண்டும். கண்ணாடி வாட்டத்தின் திசையிலேயே நின்றால், ஒரு மீட்டர் நீளத்துக்குள் தரை 20 இறங்கிவிடும். பலகையின் அடிவிளிம்பையும் அதே சாய்வில் வெட்ட வேண்டும். திரையில் தட்டையான தரைமேல் கண்ணாடியை நிறுத்தியவர்களுக்கு இந்த முக்கோண இடைவெளி வீட்டில்தான் தெரியவரும்.

ஷவரும் திருகும் எந்த உயரத்தில்?

ஷவர் தலை 2000 முதல் 2100 வரை, வீட்டில் உயரமானவர் இருந்தால் அவரைப் பொறுத்து இன்னும் கூடுதலாக. தண்ணீரைத் திறக்கும் திருகு 1000 முதல் 1100. உயரத்தை விட முக்கியமானது திருகு எந்தச் சுவரில் இருக்கிறது என்பது. ஷவருக்கு நேர் கீழே வைத்தால், திறக்கும்போதெல்லாம் முதலில் வரும் குளிர்ந்த தண்ணீர் தலையில் விழும். வாசலுக்கு அருகில், உள்ளே நுழையாமலே கை எட்டும் இடத்தில் வையுங்கள். தரைப்படத்தில் வாசலுக்கு வெளியே நிற்பவரின் தோளிலிருந்து 600 ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் எட்டுகிறதா என்பது தெரிந்துவிடும்.

சோப்பு வைக்கும் மாடம் படத்தில் அழகாக இருந்தது. கட்டியபோது டைல்ஸ் துண்டு துண்டாகிவிட்டது. ஏன்?

மாடத்தை உயரத்தை வைத்து வரைந்தீர்கள், டைல்ஸ் வரிசையை வைத்து வரையவில்லை. 600 × 300 டைல்ஸைப் படுக்கையாக, 2 இடைவெளியோடு பதித்தால், நான்காவது வரிசை 1206இல் முடியும். மாடம் அங்கே தொடங்கி ஒரு வரிசை உயரத்துக்கு இருந்தால் வெட்டே தேவைப்படாது. 1150இல் தொடங்கினால் மேலும் கீழும் மெல்லிய கீற்றுகள் வரும். மென்பொருளின் டைல்ஸ் படத்தை நம்பி இதை முடிவு செய்யாதீர்கள். அது சுவர்மேல் ஒட்டிய ஒரு படம் மட்டுமே. அதன் அளவையும் தொடக்கப் புள்ளியையும் நீங்கள்தான் அமைக்க வேண்டும். 300 டைல்ஸ் திரையில் 420 ஆக விரிந்து நின்றாலும் அது எச்சரிக்காது.

வாட்டம் இங்கேயும் குறுக்கே வரும். தரை ஒரு முனையில் 30 தாழ்ந்திருப்பதால் அடி வரிசை டைல்ஸ் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வெட்டப்படும். கைதேர்ந்த கொத்தனார் இரண்டாவது வரிசையை ரசமட்டம் பார்த்து முதலில் பதித்துவிட்டு, அடி வரிசையைக் கடைசியில் வெட்டிச் சேர்ப்பார். வரைபடத்திலும் இரண்டாவது வரிசையிலிருந்தே உயரங்களைக் கணக்கிடுங்கள். மாடத்தின் அடித்தளமும் வெளிநோக்கிச் சற்றே சாய வேண்டும், இல்லையேல் சோப்பு தண்ணீரில் ஊறும்.

ஷவருக்கு மேலே விளக்கு வைத்தால் படம் மிக நன்றாக இருக்கிறது. வைக்கலாமா?

வைக்கலாம், அந்த இடத்துக்கு உரிய விளக்காக இருந்தால். பன்னாட்டு மின்விதிகள் ஷவரைச் சுற்றி மண்டலங்களை வகுக்கின்றன. அடித்தட்டு இல்லாத ஷவரில், நிலையான தண்ணீர் வாயிலிலிருந்து 1200 தொலைவும், தரையிலிருந்து 2250 உயரமும் முதல் மண்டலத்தில் சேரும். ஷவர் தலை அதைவிட உயரத்தில் இருந்தால் மண்டலமும் அதுவரை உயரும். அதற்குள் வரும் சாதனத்துக்குக் குறைந்தது ஐபிஎக்ஸ்4 பாதுகாப்புத் தரம் (தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் தரம்) வேண்டும். வாக்-இன் வகைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கூண்டு இல்லாததால் அந்த 1200 கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு அறைக்குள்ளும் நீளக்கூடும். தரைப்படத்தில் 1200 ஆரத்தில் வட்டம் போட்டு, சுவிட்சும் பிளக்கும் அதற்குள் வராமல் பாருங்கள். இணைப்பு வேலையைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

மென்பொருளில் அறை விசாலமாக இருந்தது, கட்டியபின் நெருக்கமாகிவிட்டது. அளவெல்லாம் சரிதானே?

அளவு சரியாகவே இருக்கும், ஏமாற்றியது கேமரா. சிறிய அறை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவதற்காகப் பார்வைக் கோணத்தை 90 பாகை வரை விரித்திருப்பீர்கள். அகலக் கோணம் தொலைவிலுள்ள சுவரை இன்னும் தொலைவாகக் காட்டும். பல மென்பொருள்களில் கேமராவைச் சுவருக்கு வெளியே நிறுத்தி உள்ளே பார்க்கவும் முடியும். மனிதர் யாரும் நிற்க முடியாத இடத்திலிருந்து எடுத்த படம் அது. கோணத்தை 50 முதல் 60 பாகைக்குக் குறைத்து, கேமராவை வாசலில், 1550 உயரத்தில் வைத்துப் பாருங்கள். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. ஒட்டுநாடாவால் தரையில் ஷவரை முழு அளவில் ஒட்டி, அதற்குள் நின்று தலைக்குச் சோப்புப் போடுவதுபோல் கைகளை உயர்த்துங்கள். அந்த ஐந்து நிமிடம் எந்தப் படத்தையும் விட அதிகம் சொல்லும்.

மென்பொருள் பட்டியலிலிருந்து எடுத்து வைத்த ஷவரும் கடையில் வாங்கியதும் ஒன்றாக இல்லை. என்ன செய்வது?

பட்டியலில் இருப்பவை பொதுவான மாதிரிகள், அவற்றை இழுத்துப் பெரிதாக்கவும் முடியும். அதனால் வாங்கப் போகும் பொருளின் அளவுத் தாளைத் தயாரிப்பாளரிடமிருந்து பெற்று, மாதிரியின் நீள அகல உயரங்களை அதற்கேற்ப மாற்றுங்கள். சுவருக்குள் புதையும் மிக்சர் (வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கும் பகுதி) உடலின் ஆழத்தைத் தனியாகக் கவனியுங்கள். மாதிரியில் வெளியே தெரியும் கைப்பிடி மட்டுமே இருக்கும். மெல்லிய தடுப்புச் சுவரில் அந்த உடல் அடங்காமல் போவதுண்டு.

வயதான பெற்றோருக்காக வடிவமைக்கிறேன். பின்னாளில் சக்கர நாற்காலி வரலாம். எதை மாற்ற வேண்டும்?

இடத்தைத்தான் முதலில். ஜெர்மானியத் தரவிதியான டி.ஐ.என். 18040-2 தடையற்ற ஷவருக்கு 1200 × 1200 கேட்கிறது. சக்கர நாற்காலி என்றால் 1500 × 1500. அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்தின் அளவுகளில், நாற்காலியோடு உள்ளே செல்லும் ஷவர் குறைந்தது 760 × 1525, வாசல் தடுப்பு 13க்கு மேல் கூடாது, கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 840 முதல் 915 உயரத்தில். நாற்காலி திரும்ப 1525 விட்டமுள்ள வட்டம் வேண்டும். அந்த வட்டத்தைத் தரைப்படத்தில் வரைந்து, கழிப்பறைப் பீங்கானிலோ கண்ணாடியிலோ இடிக்கிறதா என்று பாருங்கள்.

கைப்பிடியை இன்றே பொருத்த வேண்டியதில்லை. ஆனால் ஆளின் எடையைத் தாங்கும் பிடிமானத்தை, சுவர் திறந்திருக்கும்போதே, உள்ளே வைத்துவிட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதைச் சுவர்ப் படத்தில் அளவோடு குறித்துப் பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டுகள் கழித்துத் துளையிடுபவருக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டி. தரை டைல்ஸைப் பொறுத்தவரை, வெறுங்கால் ஈரத்தரைக்கான ஜெர்மானிய வழுக்கல் சோதனையில் ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். சி மிகுந்த பிடிப்புடையது. ஷவருக்குக் குறைந்தது பி பாருங்கள். திரையில் பளபளக்கும் தரை அழகுதான், ஈரக் காலுக்கு அது எதிரி.

நீர்த்தடுப்புப் பூச்சை மென்பொருளில் எங்கே காட்டுவது?

இதற்கென்று பொத்தான் எதுவும் இல்லை, அதனால்தான் பலரும் மறக்கிறார்கள். சுவர்ப் படத்தில் ஒரு நிறத்தால் பூச்சின் எல்லையைத் தீட்டுங்கள்: ஷவர் தரை முழுவதும், ஷவர் சுவர்களில் குறைந்தது 1800 உயரம், மற்றச் சுவர்களின் அடியில் 150. கதவில்லாத ஷவரில் தெறிப்பு எல்லையைத் தாண்டி அறைத்தரை முழுவதற்கும் பூசிவிடுவது நல்லது. மாடத்தின் உட்புறத்தையும் தீட்ட மறக்க வேண்டாம், பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறுவது பல வீடுகளில் அங்கிருந்துதான். டைல்ஸ் பதிக்கும் முன் வடிகாலை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிக்க வேண்டும் என்பதையும் அந்தப் படத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியில் கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் எதைக் கொடுப்பது? முப்பரிமாணப் படம் போதுமா?

அது வீட்டாரிடம் சம்மதம் வாங்கப் போதும். வேலை செய்பவருக்கு அளவிட்ட தரைப்படம் ஒன்று, ஒவ்வொரு ஷவர் சுவருக்கும் டைல்ஸ் வரிசையோடு ஒரு படம், வடிகால் வழியாக வெட்டிய குறுக்குவெட்டு ஒன்று ஆகியவை வேண்டும். எல்லா அளவும் 'முடிந்த சுவர்' முகத்திலிருந்தா, செங்கல் முகத்திலிருந்தா என்பதைத் தாளின் தலையிலேயே எழுதுங்கள். பி.டி.எஃப் ஆக, குறிப்பிட்ட அளவு விகிதத்தில் அச்சிடுங்கள். 'தாளுக்குப் பொருத்து' என்று அச்சிட்டால் விகிதம் மாறிவிடும். ஆகவே தாளில் அளவுகோலை வைத்து யாரும் அளக்காதபடி, தேவையான ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதுங்கள். கட்டட வரைஞரிடம் போக வேண்டுமானால், வரைபட மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் டி.எக்ஸ்.எஃப் கோப்பாகவும் கொடுக்கலாம்.

வேலை நடக்கும்போது எதையாவது மாற்றினால், அதே நாளில் கோப்பையும் திருத்திப் பழைய தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய தாள் சுவரிலேயே ஒட்டியிருந்தால், மறுநாள் காலையில் வருபவர் அதைப் பார்த்துத்தான் குழாயைப் புதைப்பார்.